பாம்புப் போத்தலில் பாசி

என் வயதுக்காரரே, உங்களுக்கும் இப்படித்தானா? ஒரு கதிரையில் இருந்தால் மற்றக் கதிரை கூப்பிடுகிறது. யன்னலைத் திறந்தால் மூட வேண்டும்போல, மூடினால் திறக்க வேண்டும்போல. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வருகிறேன். வந்து நின்று, எதற்கு வந்தேன் என்று யோசிக்கிறேன். சோழகம் தொடங்கிவிட்டது. அந்த வறண்ட காற்றுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பனையோலையைப் பிடித்து உலுப்பும், உதட்டை வெடிக்க வைக்கும், கிணற்றுத் தண்ணீரைக் கல்வரி கல்வரியாகக் கீழே இறக்கும், கொடியில் காயும் சேலையைக் கொண்டுபோய் வேலியில் போடும். பிறகு வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும்.

எழும்பி எழும்பிப் போய் நான் பார்ப்பது இரண்டை. ஒன்று, குசினி யன்னலுக்குக் கீழே, வெயில் நேரே படாத மூலையில் இருக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல். மற்றது, அறைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அம்மா. போத்தலுக்குள் பாசியும், நாங்கள் பொட்டுக்கொடி என்று பெயர் வைத்த ஒரு தரைக்கொடியும் இருக்கின்றன. என் பத்து வயதுக்குப் பிறகு அதன் மூடியை ஒருவரும் திறந்ததில்லை. காலையில் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படியும், மத்தியானம் தெளியும். அதுதான் அதன் வாழ்க்கை. இந்தச் சோழகத்தில் ஆவி படியவில்லை. பாசியின் ஓரமெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. அம்மாவும் கட்டிலை விட்டு எழும்புவதைக் குறைத்துவிட்டார். வருத்தம் என்று ஒன்றும் இல்லை என்கிறார் வைத்தியர். எழும்புவதற்கு ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான்.

போத்தலைத் திறந்து தண்ணீர் தெளித்தால் பாசி பிழைக்கும். திறக்க அம்மா விடமாட்டார். ஏன் விடமாட்டார் என்று சொல்ல, உங்களை ஒரு பழைய சோழகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்போது பொடியன்கள் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே, உங்களுக்குத் தெரியும். சிலர் கடல் தாண்டி வெளிநாட்டுக்கு; பலர் இயக்கத்துக்கு. காலையில் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டவன் பின்னேரம் இல்லை. அவன் கோப்பையைக் கழுவலாமா வேண்டாமா என்று தெரியாமல் தாய் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெயும் ஒரு நூல் திரியுமாக எரியும் வெளிச்சத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நீர்வேலிக்கும் அச்சுவேலிக்கும் இடையில் இருந்த எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் முளைத்தது. யார் தொடங்கினார்களோ தெரியாது. தாய்மார் எல்லாரும் வளர்ந்த மகன்களுக்கு ஏதாவது ஓர் உயிரை வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒரு சோடி முயல். மூலை வீட்டில் புறா. சந்திக் கடைக்காரர் வீட்டில் சினைப்பட்ட ஆடு. வாயில்லாத ஒன்று காலையில் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், இவனால் படலையைத் தாண்ட முடியாது என்பது நினைப்பு.

"முயலுக்குப் புல்லுப் பிடுங்கிற கை துவக்குப் பிடியாது," என்று மாமி வேலிக்கு மேலால் அம்மாவுக்குச் சொன்னார். "உம்மடை பொடியனுக்கும் ஏதும் பாரும். அவன் நிண்ட இடத்திலை நிக்கிறானில்லை."

உண்மைதான். அண்ணை நிற்க மாட்டான். உயர்தரத்துக்கு உயிரியல் படித்துக்கொண்டிருந்தான். அதாவது, புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான். மதகடி, வாசிகசாலை, மறுபடி மதகடி. எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் தலை திரும்பும். அம்மா அவனுடைய சைக்கிள் பூட்டின் திறப்பைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். போக வேண்டுமென்றால் வந்து கேட்க வேண்டும். கேட்டால் எங்கே என்று சொல்ல வேண்டும். அவன் கேட்காமலே நடந்து போய்விடுவான்.

அப்பாவுக்குக் கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. இரசாயனம் ஒன்றும் வராத அந்த நாட்களில், அலுமாரியில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த பாம்பு ஒன்று திரவம் வற்றிப் பழுதாகிப்போனது. பாம்பைப் புதைத்தார்கள். அது கிடந்த போத்தலின் வாய் விளிம்பில் நகத்தளவு சில்லு உடைந்திருந்ததால் போத்தலையும் கழித்தார்கள். அப்பா அதைச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, உதென்ன?" அம்மா கேட்டார்.

"போத்தல்."

"போத்தலெண்டு கண் தெரியுது. உதுக்கை என்ன கிடந்தது? மணக்குது."

"பாம்பு."

"ஐயோ! நான் ஊறுகாய்க்கு ஆகுமெண்டெல்லே பாத்தன்."

"போடுமன். செத்த பாம்புக்கு உறைப்பென்ன, புளிப்பென்ன."

அக்கா சிரித்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அவளுக்கு அண்ணையை விட இரண்டு வயது குறைவு. தடித்த ஒற்றைப் பின்னல். வீட்டில் யாருடைய சைக்கிள் காற்றுப் போனாலும் கவிழ்த்து வைத்து, ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுபவள் அவள்தான்.

பழைய நாளில் கல்லூரி மாஸ்டர் ஒருவர் கண்ணாடிக்குள் பன்னச் செடி வளர்த்தாராம் என்று அப்பா எப்போதோ கேள்விப்பட்டிருந்தார். சொன்னார். அம்மா உடனே பிடித்துக்கொண்டார்.

"செடிக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தோணுமெல்லே?"

"செடியெண்டால் ஊத்தத்தானே வேணும்."

அப்பா அப்படிச் சொன்னார். வாய் திறந்த சாடிக்கு அது சரி. மூடிய கண்ணாடிக்கு அப்படியல்ல என்பது அவருக்குத் தெரியாது. முயலுக்குக் கொடுக்கத் தவிடு இல்லாத எங்கள் வீட்டில், ஒரு சதமும் செலவில்லாமல் அண்ணையைக் கட்டிப்போடும் உயிர் கிடைத்துவிட்டது என்று அம்மா நினைத்தார். இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உலகத்தில் எத்தனையோ செடிகள் இருக்க, ஆளே தேவையில்லாத ஒன்றை அம்மா தேடிப் பிடித்துத் தன் பிள்ளைக்குக் காவல் வைத்தார்.

போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். வேப்பிலை போட்டுத் தேய்த்தோம். கவிழ்த்து வெயிலில் வைத்தோம். பாம்பு மணம் போகவில்லை. திரும்பத் தேய்த்தோம். கடைசியில் மணம் போனதா, எங்கள் மூக்குக்குப் பழகிவிட்டதா, தெரியாது.

பாசி எடுக்க அண்ணை கிணற்றுக்குள் இறங்கினான். சோழகத்துக் கிணறு, தண்ணீர் எங்கேயோ பாதாளத்தில் ஒரு தட்டுப்போலக் கிடந்தது. அதற்கு மேல் சுண்ணக்கல் வெடிப்புகளில் பாசியும், கறுத்த மயிர்போன்ற காம்புடைய பன்னமும் தொங்கின. நான் கிணற்றுக்கட்டில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தேன். அந்த வெளிச்சத் துண்டு கிணற்றுச் சுவரில் ஓடி, அண்ணையின் முதுகில் ஏறி, ஈரத்தில் மினுங்கியது. அக்கா சுளகைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

"வேரோடை எடுங்கோ அண்ணை. பிய்க்காதேங்கோ."

"எனக்குப் படிப்பிக்காதை. ஆர் உயிரியல், நீயோ நானோ?"

"நீங்கள்தான். அந்தக் கரையிலை ஒரு குட்டிக் கொடி கிடக்கு, அதையும் எடுங்கோ, உயிரியல்."

அந்தக் கொடிதான் பொட்டுக்கொடி. கல்லோடு கல்லாக ஒட்டிப் படரும். இலை ஒவ்வொன்றும் கைக்குழந்தைக்கு வைக்கும் பொட்டளவு. சரியான பெயர் அண்ணையின் புத்தகத்தில் இல்லை. அக்காதான் பெயர் வைத்தாள்.

அடியில் சுண்ணக்கல் நொறுங்கல், மேலே சிரட்டைக் கரி, அதற்கு மேல் செம்மண்ணும் வாழையடி உக்கலும். கரி வேண்டாம், அசிங்கம் என்றான் அண்ணை. "கரி போட்டால்தான் நாத்தம் பிடியாது," என்று அக்கா கை முழுக்கக் கறுப்போடு அள்ளிப் போட்டாள். பிறகு, போத்தலுக்குள் கை போகாததால், அகப்பைக் காம்பால் பாசியை மண்ணோடு அமத்தினாள். "ரெண்டு வல்லாரையும் வையுங்கோ, சம்பலுக்கு உதவும்," என்றார் அம்மா. வைத்தோம். வல்லாரைதான் முதலில் அழுகியது. அண்ணை முதல் உற்சாகத்தில் ஒரு செம்பு தண்ணீரைச் சாய்த்திருந்தான். அதற்குப் பிறகு வெள்ளைப் பூஞ்சணம் வந்து, பாசியின்மேல் சிலந்தி வலைபோலப் படுத்தது. "சரிவராது," என்று அண்ணை சைக்கிளைப் பார்க்கத் தொடங்கினான்.

அக்கா விடவில்லை. அழுகியதைக் கம்பியால் கொளுவி எடுத்தாள். மூடியை நீக்கி ஈரம் போகவிட்டாள். கண்ணாடியில் எவ்வளவு ஆவி படிகிறது, எப்போது தெளிகிறது என்று ரியூசனுக்குப் போகமுன் குந்தியிருந்து பார்ப்பாள். நாள் முழுக்க நீர்த்துளி ஓடினால் தண்ணீர் கூட. ஆவியே இல்லையென்றால் குறைவு. காலையில் ஒரு பக்கம் மட்டும் மங்கி, மத்தியானம் சாப்பிடும் நேரம் தெளிந்தால், சரி. அதைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சோழகத்தில் பாதி போனது. அண்ணையோ எப்போதாவது வந்து ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவான்: "இதுதான் நீர் வட்டம். ஆவியாகும், ஒடுங்கும், திரும்ப விழும். சோதினைக்கு வரும்." அம்மா குசினிக்குள் இருந்து அந்தக் குரலைக் கேட்டு முகம் மலர்வார்.

தொட்டிக்கும் வாழைக்கும் இடையில், கிணற்றடி நிழலில் போத்தல் இருந்தது. வெளியே எல்லாம் காய்ந்து சுருண்டு, முற்றத்து மண் பறந்து பல்லில் நறநறக்கும். அதற்குள் மட்டும் மழை. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் குளிர் பிடிப்பேன். ஹெலி ஒன்று எங்கேயோ சுற்றும் சத்தம் கேட்கும். போத்தலுக்குள் ஒரு துளி பொட்டுக்கொடியின் இலையில் விழும், இலை தலையாட்டும். அந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் மூடிச் சண்டை தொடங்கியது. சத்தமில்லாத சண்டை.

காலையில் கிணற்றடி கூட்டும்போது அம்மா மூடியை மெல்லத் தூக்கித் தொட்டிக்கட்டில் வைப்பார். மத்தியானத்துக்குள் காற்று உள்ளே புகுந்து பாசியைச் சுருட்டிவிடும். உடனே அண்ணையைக் கூப்பிடுவார்: "தம்பி! உன்ரை பாசி காயுது, ஓடிவா!" அவனைத் தேவைப்பட வைக்க வேண்டும், அதுதான் அம்மாவின் உபாயம். தேவைப்பட்டால் நிற்பான். அண்ணை "பேந்து பாப்பம்" என்பான், நடந்து மறைவான். அக்கா ரியூசனால் வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, விரல் நுனியால் தண்ணீர் தெளித்து மூடியை வைப்பாள். அடுத்த நாள் காலை பாசி பச்சையாக இருக்கும். அம்மா வேலிக்கு மேலால் மாமியைக் கூப்பிடுவார்.

"வந்து பாருங்கோ. என்ரை பொடியன் என்ன வடிவாப் பாக்கிறான்."

நான் அம்மாவுக்குச் சொன்னேன். எனக்கு நல்ல நினைவிருக்கிறது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அண்ணை தெளிக்கேல்லை. அக்காதான் தெளிக்கிறவ, அக்காதான் மூடுறவ."

"அவள் தெளிச்சால் தெளிக்கட்டும். அண்ணை இப்ப எங்கை? அதைச் சொல்லு."

கேட்டீர்களா? உண்மை சுளகில் அரிசியோடு அரிசியாகக் கிடந்தது. அம்மா புடைத்துவிட்டுப் போனார். ஒழுங்கையில் அத்தனை முயலும் புறாவும் ஆடும் மகன்களுக்குத்தான். மகள்மாருக்கு ஒருவரும் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர்கள் எங்கே போகப்போகிறார்கள்?

அக்கா பழைய ரியூப்பை நாடாவாக வெட்டி மூடியின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். அம்மா அவிழ்த்தார். இன்னும் இறுக்கிக் கட்டினாள். அம்மா அதையும் அவிழ்த்தார். ஒருநாள் கிணற்றடியில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்; அம்மாவின் கையில் மூடி.

"ஏனம்மா திறக்கிறியள்?"

"காத்துப் படட்டும்."

"அதுக்குக் காத்துத் தேவையில்லை. மூடிவிட்டால் தன்ரை பாட்டிலை இருக்கும்."

"ஒண்டும் தன்ரை பாட்டிலை இராது, பிள்ளை. பாக்க ஆள் வேணும்."

"பாக்க ஆள் இல்லாட்டிலும் இருக்கோணும் அம்மா. அதுக்குத்தான் மூடுறது."

"ஓம், நீ பெரிய கெட்டிக்காரி. போய் உலையைப் பார்."

அக்கா உலையைப் பார்க்கப் போனாள். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். காரணமே இல்லாத குட்டு, நோகாத குட்டு. நான் அவர்கள் பாசியைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அண்ணையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அக்கா எதைப் பற்றிக் கதைத்தாள் என்று இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

சோழகம் ஓயப் போகும் நேரம். ஒரு காலை, அம்மா பால் வாங்கப் போயிருந்தார். அக்கா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போத்தலுக்கு முன்னால் குந்தியிருந்தாள். மெழுகுதிரித் துண்டை உருக்கி, விளிம்பில் இருந்த அந்தச் சில்லை அடைத்தாள். மூடியை வைத்து அமத்தினாள். கழுத்தைச் சுற்றி ரியூப் நாடா, அதன்மேலும் மெழுகு. விரலில் சொட்டியது, ஊதினாள்.

"இனி ஒருத்தரும் தண்ணி ஊத்தத் தேவையில்லை," என்றாள்.

"மழை வராட்டிலும்?"

"வராட்டிலும்."

"அப்ப நீங்கள் என்ன செய்வியள்?"

"எனக்கு வேறை வேலை இல்லையே?" என்று சிரித்தாள். தோள் குலுங்கியது.

கை கழுவினாள். பின்னலை முன்னால் எடுத்துவிட்டு மறுபடி பின்னால் எறிந்தாள். அம்மா படலையைத் திறந்து வர, இவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனாள். "ரியூசனுக்குப் போட்டு வாறனம்மா." அம்மா பால் செம்பைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். பிறகு அம்மா கேட்டது என்னிடம்: "அண்ணை எழும்பீட்டானோ?"

அண்ணை எழும்பவில்லை. நல்ல நித்திரை. திறப்பு அம்மாவின் முந்தானையில் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு முழுக்க அண்ணை வீட்டில்தான் நின்றான். அம்மா அவனுக்குப் பிடித்த ஒடியல் பிட்டு அவித்தார். அந்தப் பகலில் அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால், எழும்பிப் போய் ஏதாவது ஒரு யன்னலைத் திறக்க வேண்டும்போல இருக்கிறது.

பின்னேரம் அக்காவின் சைக்கிள் வந்தது. உருட்டிக்கொண்டு வந்தது அவளோடு படிக்கும் பிள்ளை ஒன்று. படலைக்கு உள்ளே வரவில்லை.

"இதை அவ குடுக்கச் சொன்னவ."

"ஏன், அவள் எங்கை? காத்துப் போட்டுதோ?" அம்மா சைக்கிள் ரயரைத் தொட்டு அமத்திப் பார்த்தார். காற்று நிறைய இருந்தது. அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழத் தொடங்கியது. நாலைந்து பேராகப் போய்விட்டார்கள் என்றது. எங்கே என்று சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

அப்பா சேட்டுப் போடாமலே ரோட்டுக்கு ஓடினார். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வாயில் கையை வைத்தார். அம்மா அண்ணையின் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினார். "நீ போறாய், நீ போறாய் எண்டெல்லே நான் பாத்துக்கொண்டிருந்தன்! உனக்கெண்டெல்லே அந்தப் போத்தல்!"

"அதை நான் பாக்கேல்லை அம்மா," என்றான் அண்ணை. முகம் குழந்தை முகமாகிவிட்டது. "ஒரு நாளும் பாக்கேல்லை. அவள்தான் பாத்தவள்."

அம்மா கிணற்றடிக்குப் போனார். போத்தலின் ஒரு பக்கம் இளம் ஆவி. மெழுகு இன்னும் வெள்ளையாக இருந்தது. அம்மாவின் கை மூடிக்குப் போனது. பழக்கத்தில் போன கை. மூடியில் கை வைத்தபடி, துலா காற்றில் கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டபடி அம்மா நின்றார். திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அக்கா திரும்பி வரவில்லை. யாரோ அவளை எங்கேயோ கண்டதாக இரண்டு தடவை கேள்விப்பட்டோம். ஒரு தடவை பின்னல் இல்லை என்றார்கள். பிறகு அதுவும் நின்றது. இருக்கிறாள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

பிறகு, சண்டை கிட்ட வர, ஊரே எழும்பி நடந்தது. மழையில், சைக்கிளில், தள்ளுவண்டியில், ஒரு சனக்கடலாக. அம்மா போத்தலைத் தூக்கினார். "அரிசியைத் தூக்கும், உதை விடும்," என்று அப்பா கத்தினார். அம்மா அதைத் தொட்டிக்கும் வாழைக்கும் நடுவில் திரும்ப வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு வந்தார். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ஓடு இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை, துலா இல்லை. கிணற்று வாளியைக்கூட விடவில்லை. போத்தல் அப்படியே இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட மாமி சொன்னார்: "பாம்புப் போத்தலெண்டு ஒருத்தனும் கிட்டப் போகேல்லை." பன்னம் செத்துவிட்டது. பாசியும் பொட்டுக்கொடியும் கண்ணாடியை நிறைத்து நின்றன. கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் நின்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்து, செத்த பன்னத்தை எடுக்கலாம் என்று அண்ணை மூடியில் கை வைத்தான். அம்மா ஓடிவந்து தட்டிவிட்டார்.

"தொடாதை. உதுக்கை அவள் மூடின காத்துக் கிடக்கு."

அதோடு ஒருவரும் தொடவில்லை. அண்ணை, எல்லாரும் போவான் என்று காத்திருந்த அண்ணை, இன்னும் பல வருடம் நின்று, கலியாணம் கட்டி, ஆறுதலாக விமானத்தில் ஏறிப் போனான். அப்பா காலமாகிப் போனார். வீட்டை விற்று நான் அம்மாவையும் போத்தலையும் என்னோடு கொண்டுவந்தேன். மூன்று வீடு மாறிவிட்டேன், நான் மாறுகிறவள்தான். யாழ்ப்பாண நகரத்துக் கடையில் இப்போது இப்படிக் கண்ணாடிக்குள் பாசி வைத்து, ஒரு பிளாஸ்டிக் தவளையையும் இருத்தி, டெரேரியம் என்று விற்கிறார்கள். நான் முன்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிடுவேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அம்மாவுக்குச் சொன்னதில்லை. அக்கா சில்லில் அடைத்த மெழுகு எப்போதோ வெடித்துவிட்டது. மூக்கை வைத்தால் உள்ளேயிருந்து கிணற்று மணம் மெல்ல வரும். இந்தச் சோழகம் அந்தத் துளையால்தான் ஈரத்தை இழுத்துவிட்டது. அக்காவின் காற்று எப்போதோ போய்விட்டது. வேறு காற்றைத்தான் அம்மா இத்தனை காலமும் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று அண்ணை அழைத்தான். கைபேசியில் அவன் தலை, நரைத்த தலை, பின்னால் இரவாகியும் இருட்டாத வானம். நான் படத்தைப் போத்தலுக்குத் திருப்பிக் காட்டினேன்.

"எடியே, உது சாகப்போகுது. திறந்து ஊத்து."

"அம்மா?"

"அம்மாட்டைக் குடு நான் கதைக்கிறன்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா, உயிரியல் படிச்சவன் சொல்லுறன்," என்று தொடங்கினான். அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ படிச்ச உயிரியல் எனக்குத் தெரியும் தம்பி. வை போனை."

இன்று காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெழுகுதிரியை எடுத்தேன், வைத்தேன். தண்ணீர் எடுத்தேன், ஊற்றினேன், திரும்ப எடுத்தேன். கடைசியில் போத்தலை அணைத்துத் தூக்கி அறைக்குள் கொண்டுபோய் அம்மாவின் கட்டிலோடு ஒரு முக்காலியில் வைத்தேன். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். அம்மா திரும்பினார். காய்ந்த பாசியைப் பார்த்தார். எழும்பி இருந்தார், நான் பிடிக்கப் போனதைத் தள்ளிவிட்டார். பெருவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து, சரியாக அந்தச் சில்லில் நிறுத்தினார்.

"உதாலை அந்தக் காத்து எப்பவோ போட்டுது," என்றார். "எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே?"

"தெரிஞ்சோ அம்மா..."

"தெரிஞ்சுதான்."

ரியூப் நாடா தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூடி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு திருகு. வந்துவிட்டது. அம்மா குனிந்து போத்தலின் வாயில் முகத்தை வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று இந்த வயதில்தான் கண்டேன்.

பிறகு செம்பை வாங்கினார். விரல் நுனியால் தெளித்தார். சுருண்டு கிடந்த பாசி ஒவ்வொரு துளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பொட்டுக்கொடியின் ஓர் இலை தலையாட்டியது. மூடியைத் திரும்ப வைக்க நான் கையை நீட்டினேன்.

"மூடாதை," என்றார் அம்மா. "திறந்து கிடக்கட்டும். நாளைக்கும் ஊத்தோணும். நான் படுத்துக் கிடந்தால் எழுப்பிவிடு."